லைன் மேல் போடும் பழி

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் வீட்டுக் கணினியில் இணையப் பக்கம் திறக்கத் தாமதமானால் யாரும் காரணம் தேடுவதில்லை. பதில் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. "தோட்டத்துப் பக்கம் லைன் அப்படித்தான்" என்பார் ஒருவர். "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்பார் இன்னொருவர். கடைத் தம்பி இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வைத்திருப்பார்: "விட்டுட்டுப் போங்க அண்ணே, ஃபார்மெட் போட்டுத் தரேன்." ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, அப்பால் களும்பாங் வரை இந்த மூன்றில் ஒன்றையாவது கேட்காத வீடு அபூர்வம். மூன்றுமே பெரும்பாலும் தவறு என்பது என் கட்சி.

வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். இது காசைக் கரைக்கும் தவறு. 2025 பிப்ரவரியில் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. சுமாரான ஒரு புது மடிக்கணினிக்கு அந்த ஒரு மாதச் சம்பளம் முழுதும் போய், மேலும் கொஞ்சம் கடன் நிற்கும். லைன் மீது சந்தேகப்பட்டு வேகமான பேக்கேஜுக்கு மாறினால், பார்வைக்குச் சிறிய தொகைதான். ஆனால் அது மாதாமாதம் போகும், ஒப்பந்தம் முடியும்வரை நிறுத்தவும் முடியாது. இத்தனையும் செலவழித்த பிறகு பக்கம் பழையபடி திணறினால், "பாத்தீங்களா, இந்த எடத்துக்கு எதுவும் சரிப்படாது" என்ற முடிவுதான் மிஞ்சுகிறது. பரிசோதிக்காத ஒரு நம்பிக்கை தன் தோல்வியையே சாட்சியாக்கிக்கொள்கிற விந்தை இது.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டப்புறத்துக்கு எதுவும் கடைசியாகத்தான் வந்தது. தண்ணீர், மின்சாரம், தார்ச்சாலை எல்லாவற்றுக்கும் காத்திருந்து பழகியவர்கள் இணையத்துக்கும் காத்திருந்தார்கள். செப்புக் கம்பியில் ஸ்ட்ரீமிக்ஸ் இணையம் வந்த காலத்தில் மழை பெய்தால் இணைப்பு அறுந்தது. கம்பியையே திருடிக்கொண்டு போனதும் உண்டு. 2010-இல் தலைநகரப் பக்கம் கண்ணாடி இழை இணைப்பு தொடங்கியபோது நமக்கு அது செய்தித்தாளில் படிக்கிற சங்கதி. அதே காலக்கட்டத்தில் அரசாங்கம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரே மலேசியா நெட்புக்தான் பல வீடுகளுக்கு முதல் கணினி. சின்ன ஆட்டம் (Atom) செயலியும் குறைந்த நினைவகமும் கொண்ட பெட்டி அது. வந்த நாளிலிருந்தே மெதுவாக ஓடியது. அப்புறம் 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு. வீட்டில் இருந்தே பாடம் என்று ஆனபோது, கிடைத்த பழைய மடிக்கணினியை வாங்கிப் பிள்ளையை உட்கார வைத்தோம். லைனும் மோசம், பெட்டியும் மோசம் என்கிற தீர்ப்பு அந்த ஆண்டுகளில் நியாயமாக எழுதப்பட்டதுதான். நிலைமை மாறிய பிறகும் தீர்ப்பை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். இன்று நடுத்தரமான ஓர் இணையப் பக்கத்தின் எடை ஏறத்தாழ இரண்டரை மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆக 20 மெகாபிட். நொடிக்கு 30 மெகாபிட் தருவதாகச் சொல்லும் எளிய பேக்கேஜில் அது ஒரு நொடிக்குள் வந்து இறங்கிவிட வேண்டும். லைன் சொன்ன வேகத்தில் பாதிதான் தருகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும். உங்கள் வீட்டில் அந்தப் பக்கம் திறக்கப் பத்துப் பதினைந்து நொடி ஆகிறதா? மிச்ச நொடிகளை லைனின் வேகம் தின்னவில்லை. 100 மெகாபிட்டுக்கு மாறினால் மிச்சமாகப் போவது ஏறத்தாழ அரை நொடி மட்டும்தான்.

இதில் புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. 2010-லேயே கூகுளில் இருந்த மைக் பெல்ஷ் அளந்து காட்டினார். இணைப்பின் வேகத்தை 5 மெகாபிட்டிலிருந்து 10 ஆக இரட்டித்தால், பக்கம் திறக்கும் நேரம் 5 விழுக்காடு அளவுக்கே குறைந்தது. பக்கங்கள் அதன் பிறகு பல மடங்கு பருத்துவிட்டன. அதனால் இன்று அந்த எல்லை 5 மெகாபிட் அல்ல, மேலே போயிருக்கும். ஆனால் ஓர் அளவுக்குப் பிறகு குழாயின் அகலத்தால் பயன் குறைந்துகொண்டே போகும் என்ற உண்மை மாறவில்லை. அதற்கப்புறம் முக்கியமாவது, கேள்வி போய்ப் பதில் திரும்பும் நேரமும், வந்து சேர்ந்ததைக் கணினி என்ன செய்கிறது என்பதும்.

இரண்டாவதைத்தான் நம் ஆட்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. செம்பனைக் குலை உச்சத்துக்கு வரும் மாதங்களில் ஆலை வாசலில் லாரிகள் வரிசை பிடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். அங்கே சாலையை யாரும் குறை சொல்வதில்லை. ஆலை ஒரு மணி நேரத்துக்கு இத்தனை டன்தான் அவிக்கும், அதற்கு மேல் வந்ததெல்லாம் காத்துக் கிடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். உலாவியும் ஓர் ஆலைதான். வந்து சேர்ந்த பக்கத்தைப் பிரித்து, அதற்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டி, படங்களை விரித்து, எழுத்தை அடுக்கித் திரையில் வரைந்தாக வேண்டும். அந்த வேலைக்குச் செயலியும் நினைவகமும் தேவை. லைனுக்கு அதில் பங்கே இல்லை.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். பக்கம் முழுதும் வந்து சேரட்டும். பிறகு மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள். திக்கித் திக்கி நகர்கிறதா? தேடல் கட்டத்தில் தட்டும் எழுத்து தாமதமாகத் தோன்றுகிறதா? ஒரு தாவலிலிருந்து மற்றொன்றுக்குப் போனால் வெள்ளையாக நிற்கிறதா? அப்படியென்றால் கோளாறு வீட்டுக்குள். வந்துவிட்ட பக்கத்தை உருட்டுவதற்கு லைன் ஒன்றும் செய்வதில்லை. அடுத்தது, அதே வைஃபையில் அதே பக்கத்தைக் கைப்பேசியில் திறப்பது. கைப்பேசி பட்டென்று திறந்து கணினி மட்டும் திணறினால் லைனை விடுதலை செய்துவிடலாம். இதிலும் ஐயம் தீராதவர்கள் கணினியை வேறு லைனுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். முன்பு இணைய மையம் என்றும், பிறகு பெடி என்றும், இப்போது நாடி என்றும் பெயர் மாறி மாறி வருகிற அரசாங்க மையம் அருகில் இருந்தால் போதும். அங்கேயும் அதே வேகத்தில் ஊர்ந்தால் வழக்கு முடிந்தது.

புக்கிட் ரோத்தான் பக்கம் உறவுக்காரர் வீட்டில், எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போகிற பெண். "மாமா, லைன் வரவே மாட்டேங்குது, அப்பாகிட்ட பேக்கேஜ் மாத்தச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டாள். கைப்பேசியில் அதே நேரம் காணொளி தங்குதடையின்றி ஓடிக்கொண்டிருந்தது. குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அதற்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்தத் தாவல், எந்தக் கூடுதல் செயலி (எக்ஸ்டென்ஷன்) எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது, சி.பி.யு.வை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று வரிசையாகக் காட்டும். 2008-இல் குரோம் வந்தபோதே ஒவ்வொரு தாவலையும் தனித்தனிச் செயலாக ஓட்டும் அமைப்போடுதான் வந்தது. ஒரு பக்கம் செத்தால் மற்றவை பிழைக்கும் என்பது அதன் லாபம். நினைவகம் கூடுதலாகச் செலவாவது அதன் விலை. அந்தப் பட்டியலில் மேலே நின்றவை பாடம் சம்பந்தப்பட்டவை அல்ல. பி.டி.எஃப். மாற்றித் தருகிறேன் என்று ஒன்று, தள்ளுபடி கண்டுபிடிக்கிறேன் என்று ஒன்று, தேடலையே தன் பக்கம் திருப்பிக்கொண்ட ஒன்று. எல்லாம் எப்போதோ ஓர் அவசரத்தில் ஓகே அழுத்தி உள்ளே விட்டவை. கணினியோடு வந்த சோதனைக்கால வைரஸ் தடுப்பு ஒரு பக்கம், கடையில் போட்டுக் கொடுத்த இன்னொன்று ஒரு பக்கம். விண்டோஸுக்குள்ளேயே இருக்கிற தடுப்பே வீட்டுக்குப் போதும் என்கிறபோது இரண்டு காவலாளிகள் வருகிற ஒவ்வொரு கோப்பையும் மாறி மாறிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றையெல்லாம் நீக்கியதும் அதே லைனில், அதே பெட்டியில் வகுப்பறைப் பக்கம் ஒழுங்காகத் திறந்தது. பேக்கேஜ் மாறவில்லை.

கூடுதல் செயலிகள்தான் குற்றவாளியா என்று அறிய அவற்றை நீக்க வேண்டியதும் இல்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் அழுத்தினால் இன்காக்னிட்டோ சாளரம் திறக்கும். நாம் தனியாக அனுமதி கொடுத்திருந்தாலொழிய கூடுதல் செயலிகள் அங்கே ஓடா. அங்கே பக்கம் வேகமாக வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான் என்று பொருள். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கென்றே கோளாறு தேடும் முறை ஒன்று தனியாக உண்டு. கடைத் தம்பிகள் இந்தச் சோதனையைச் செய்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு ஃபார்மெட் சுலபம். நீலப் பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும், அவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

ஃபார்மெட்டைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. அது வேலை செய்கிறது என்பதுதான் அதன் ஆபத்து. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டால், வேண்டாததும் சேர்ந்து போய்விடும். கணினி சில வாரம் சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் எது கோளாறு என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமலேயே போய்விட்டது. பிள்ளை அதே தளத்துக்குப் போய் அதே ஓகேயை அழுத்தும். குரோமில் பழைய கூகுள் கணக்கோடு நுழைந்த மாத்திரத்தில், ஒத்திசைவு இயங்கியிருந்தால், பழைய கூடுதல் செயலிகளே தாமாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதத்தில் மறுபடி கடை. இதற்கிடையில் அழிந்தவை? பாட்டியின் கடைசிப் படங்கள், பள்ளிப் பணித்திட்டம், அண்ணன் கல்யாணக் காணொளி. பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் இல்லாத வீடுகளில் ஃபார்மெட் ஒரு சிறு தீ விபத்து. உலாவி கெட்டுப்போயிருந்தால் உலாவியை மட்டும் தொடக்க நிலைக்குத் திருப்பலாம். குரோம் செட்டிங்ஸில் ரீசெட் என்று ஒரு வரி இருக்கிறது. புத்தகக் குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அப்படியே இருக்கும். கூடுதல் செயலிகள் முடக்கப்படும், கடத்தப்பட்ட தேடல் பக்கம் பழைய நிலைக்கு வரும். அதற்குச் சில நிமிடம் போதும், கூலியும் இல்லை.

இன்னொரு கூட்டம் உண்டு. "கேஷ் கிளியர் பண்ணு" என்பதை மந்திரம்போல் ஓதுவார்கள். கேஷ் என்பது ஏற்கெனவே இறக்கிய படங்களையும் நிரல்களையும் உலாவி சேமித்து வைத்திருக்கும் இடம். அதே பக்கத்துக்கு மறுபடி போனால் புதிதாக இறக்காமல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அதை அழித்தால் அடுத்த முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்க வேண்டும். லைன் மெதுவென்று புலம்புகிறவரே லைனுக்கு இரட்டை வேலை கொடுக்கிறார்! பக்கம் உடைந்து தெரிந்தால், நுழைவில் சிக்கல் வந்தால், கேஷை அழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. வேகத்துக்காக அழிப்பது பெரும்பாலும் நேர் எதிரான வேலை.

சுத்தம் செய்கிறேன் என்று வரும் இலவச மென்பொருள்கள் இதைவிட மோசம். அந்த இனத்திலேயே பேர்பெற்றது சிகிளீனர் (CCleaner). 2017 ஆகஸ்டில் வெளியான அதன் ஒரு பதிப்புக்குள் யாரோ தீம்பொருளை நுழைத்துவிட்டார்கள். அதை அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கினார்கள். பேர்பெற்றதன் கதையே இப்படியென்றால், வலது மூலையில் "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்" என்று சிவப்பாக எழும்பி விற்கப்படும் சாமானைப் பற்றி என்ன சொல்வது? அந்தச் சிவப்புப் பெட்டி வைரஸ் எச்சரிக்கையே அல்ல. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டது, நாம் அலவ் கொடுத்தோம், அது விளம்பரம் அனுப்புகிறது. குரோம் செட்டிங்ஸில் தளங்களுக்கான அனுமதிகள் பகுதிக்குப் போய், அறிவிப்புகள் பட்டியலில் அந்தத் தளத்தை நீக்கினால் வைரஸ் மாயமாகிவிடும். இந்த ஒன்றுக்காக மட்டும் கணினியைக் கடைக்குத் தூக்கிப் போனவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய.

டி.என்.எஸ். மாற்றினால் இணையம் பறக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. 2024 செப்டம்பரில் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி., வேறு டி.என்.எஸ். பயன்படுத்துவோரையும் உள்நாட்டு நிறுவனங்களின் சேவையகங்களுக்கே திருப்பச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கியபோது இந்தப் பேச்சு மறுபடி சூடு பிடித்தது. அந்த உத்தரவை எதிர்த்தது சரியே. அது சுதந்திரம் பற்றிய விவகாரம். வேகம் வேறு விவகாரம். டி.என்.எஸ். என்பது தளத்தின் பெயரைக் கொடுத்து முகவரி வாங்குவது மட்டும். வாங்கிய முகவரியைக் கணினி கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும். அதில் மிச்சமாவது நொடியின் சின்னத் துண்டு.

இனி 'பழசு' என்னும் தீர்ப்புக்கு வருவோம். வலுவான வாதம் அதில்தான் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10-க்கான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ 2017-க்குப் பின் வந்த எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். நம் வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய அலுவலக மடிக்கணினிகள் பலவற்றுக்கு இவை இல்லை. "பாத்தீங்களா, கம்பெனியே தூக்கிப்போடச் சொல்லிட்டான்" என்று கடைக்காரருக்குக் கொண்டாட்டம்.

ஆதரவு முடிந்தது என்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அர்த்தம். அது கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் அக்டோபர் 14 அன்று எந்தக் கணினியின் உலாவியும் வேகம் குறையவில்லை. பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் முடிச்சுப் போட்டு விற்பனை செய்கிறார்கள். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டித்த திருத்தங்களை மைக்ரோசாப்டே தருகிறது. கணக்கோடு நுழைந்து அமைப்புகளைப் பிரதி எடுக்க ஒப்புக்கொண்டால் அதற்குக் காசும் வாங்குவதில்லை. அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் இருக்கிறது, கூகுளின் குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் இருக்கிறது. உலாவி, வகுப்பறை, காணொளி, கட்டுரை தட்டுவது என்று மட்டும் பயன்படுகிற வீட்டுக் கணினிக்கு இவை தாராளம்.

பழைய பெட்டி உண்மையிலேயே திணறும் இடம் ஒன்று உண்டு. நினைவகமும் சுழல் வட்டும் சேரும் இடம் அது. நான்கு ஜிகாபைட் நினைவகத்தில் பாதியை விண்டோஸ் எழும்போதே எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் பத்துத் தாவல் திறந்தால் இடம் போதாது. அப்போது கணினி நினைவகத்தில் உள்ளதை ஹார்ட் டிஸ்குக்கு இறக்குவதும் ஏற்றுவதுமாக அல்லாடும். பழைய மடிக்கணினியின் சுழல் வட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதை நொடிக்கு நூறு தடவைகூட எட்டிப் படிக்க முடியாத சாமான். எஸ்.எஸ்.டி. என்னும் சில்லு வட்டு அதையே பல்லாயிரம் தடவை செய்யும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற பத்தியில் 100 விழுக்காடு என்றே நின்றால் நோய் அதுதான். வட்டை மட்டும் எஸ்.எஸ்.டி.யாக மாற்றி, இடமிருந்தால் நினைவகத்தை எட்டு ஜிகாபைட்டாக்கினால், தூக்கிப்போடச் சொன்ன பெட்டி இன்னும் சில ஆண்டு உழைக்கும். புதுக் கணினி விலையில் அது சிறு பங்கு. வாங்கும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். குரோமில் மெமரி சேவர் என்று ஒன்று 2022 இறுதியிலிருந்து வந்திருக்கிறது. பார்க்காத தாவல்களை அது உறங்க வைக்கும்.

நினைவகத்தைக் கூட்ட முடியாதபடி ஒட்டி வைத்த இரண்டு ஜிகாபைட் பெட்டிகளுக்கு இந்த வாதம் பொருந்தாது. அவற்றை விட்டுவிடலாம்.

"மத்தியானம் ஆனா லைன் ஸ்லோ" என்று சொல்லும் வீடுகளில் கூரையைப் பாருங்கள். துத்தநாகத் தகரம், கீழே மெல்லிய பலகை, மின்விசிறி. மடிக்கணினி மெத்தை மேல், காற்றுத் துளைகள் துணியில் புதைந்து கிடக்கும். செம்மண் சாலையின் தூசி உள்விசிறியில் படிந்திருக்கும், போதாததற்கு எறும்பு. செயலி சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். காலையில் ஓடிய பக்கம் பிற்பகலில் ஊர்வதற்கு எல்லா வீட்டிலும் கைப்பேசிக் கோபுரம் காரணமல்ல. பெட்டியை மேசைமேல் வைத்துத் தூசு தட்டிய பிறகு அந்த மத்தியான லைன் எப்படி என்று சொல்லுங்கள்.

பழி யார் மேலாவது போட்டே ஆக வேண்டும் என்றால், உண்மையான ஆள் வேறு. தமிழ் எழுத்து யூனிகோடின் யு.டி.எஃப்.-8 வடிவில் குறி ஒன்றுக்கு மூன்று பைட் பிடிக்கும். இந்தக் கட்டுரை அளவுள்ள ஒன்றை முழுதாக அனுப்பினாலும் அறுபது கிலோபைட்டைச் சுற்றித்தான் வரும். சுருக்கி அனுப்பினால் அதில் சிறு பகுதி. அதைத் தாங்கி வரும் பக்கம் ஏன் இரண்டரை மெகாபைட்? விளம்பரம், நம்மைப் பின்தொடரும் உளவு நிரல், தானாக ஓடும் காணொளி. 2010 இறுதியில் நடுத்தரமான ஒரு பக்கம் அரை மெகாபைட்டுக்கும் குறைவாக இருந்தது. செய்தி அப்போதும் செய்தியாகத்தான் இருந்தது. வன்பொருள் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருள் கனத்துக்கொண்டு போகிறது என்று கணினி அறிஞர் நிக்லாவ்ஸ் விர்த் 1995-லேயே எழுதினார். நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைச் செய்தபோது, அந்தக் கால டாஸ் கணினிகளில் நிரல்களுக்குக் கிடைத்த நினைவகம் அதிகபட்சம் 640 கிலோபைட். தமிழை ஏற்ற அது போதுமாக இருந்தது.

விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் போன்ற கூடுதல் செயலியைப் போட்டால் பாதிக் கனம் வாசலிலேயே நின்றுவிடும். கூகுள் விதிகளை மாற்றியதால் அதன் முழு வடிவம் இப்போது குரோமில் ஓடாது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனத்திடம் வேறு எதிர்பார்க்கவும் முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் அது இன்னும் ஓடுகிறது. நாலு ஜிகாபைட் பெட்டி வைத்திருக்கும் தோட்ட வீட்டுக்கு நான் சொல்லும் முதல் யோசனை பெரும்பாலும் இதுதான். பத்திரிகைகள் விளம்பரத்தில்தானே வாழ்கின்றன என்று நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். வாழட்டும். எட்டு வரிச் செய்திக்கு இருபது உளவு நிரலைத் தொழிலாளி வீட்டுக் கணினியில் ஏற்றித்தான் வாழ வேண்டுமென்றால், அந்தச் சுமையைச் சுமக்க அவர் ஒப்புக்கொண்டதில்லை.

லைன் ஒருபோதும் குற்றவாளியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ராஜா மூசா, தென்னமரம், புக்கிட் தாகார் என்று உள்ளே போகப் போகக் கண்ணாடி இழை எட்டாத குடியிருப்புகள் உண்டு. 2021 இறுதியில் 3ஜி-யை மூடிய பிறகு அங்கே எல்லாரும் 4ஜி கோபுரத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இரவு எட்டு மணிக்குமேல் வரிசை வீடுகள் முழுதும் ஒரே கோபுரத்தைப் பிடித்து இழுத்தால் அது தளரத்தான் செய்யும். அந்தத் தளர்ச்சிக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் தளரும், விடியற்காலையில் எல்லாம் சேர்ந்தே சரியாகும். கணினி மட்டும் தளர்ந்தால் அது கோபுரம் அல்ல.

நடைமுறையில் எல்லாத் தாமதத்தையும் லைன் மேல் போடுகிற பழக்கம், உண்மையில் லைன் மோசமாக இருக்கிறவர்களைத்தான் கெடுக்கிறது. புகார் எண்ணுக்கு அழைத்தால் மறுமுனையில் கேட்கும் முதல் கேள்வி, "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா, வேறு கருவியில் பார்த்தீங்களா" என்பதுதான். "எப்பவும் ஸ்லோ" என்பதற்கு மேல் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருப்பதில்லை, அழைப்பு அங்கேயே முடிகிறது. இணையச் சேவைக்குக் கட்டாயத் தர விதிகள் இந்நாட்டில் இருக்கின்றன. அவற்றைக் காட்டி வாதாட வேண்டுமானால் முதலில் நம் வீட்டுக் கணினியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். லேன் கம்பியை மோடத்தில் நேராகச் செருகி, காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு ஒன்பது என்று ஒரு வாரம் வேகத்தை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் குறியுங்கள். கைப்பேசியிலும் உடனடுத்து அளந்து பக்கத்தில் எழுதுங்கள். கோபுரம்தான் குற்றவாளி என்றால் இரவு எண்கள் இரண்டு பத்தியிலும் சேர்ந்தே விழும். அந்தப் பட்டியலோடு முதலில் நிறுவனத்துக்கும், அவர்கள் கையை விரித்தால் எம்.சி.எம்.சி.க்கும் எழுதுங்கள். ஒரு வீடு எழுதிப் பயனில்லை. அந்த வரிசையில் எத்தனை வீடுகள் அதே கோபுரத்தை நம்பி இருக்கின்றனவோ, அத்தனையும் தம் தம் எண்களோடு எழுதட்டும்.